இழுக்காத கார்

என் கணவர் இறந்த மூன்றாம் மாதம் அவருடைய காரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மகன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தான். "அத தொடாதீங்கம்மா. வர்ற விலைக்கு வித்துடலாம் லா." ஒருவர் வேண்டாம் என்றால் அதைச் செய்தே தீருவது எனக்குப் பிறவிக் குணம். அதோடு, எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்றைக்கு இந்தக் கார் ஏன் இழுக்கவில்லை?

அன்றைக்கு பீடோர் பக்கம், அவர் பிறந்த தோட்டத்துக் கோயிலில் திருவிழா. தோட்டத்தில் இப்போது ரப்பர் கிடையாது, எல்லாம் செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் ஊராகக் கார்கள் வந்து நிற்கும். பந்தியில் உட்கார்ந்தவர் மோர் கேட்டார். மோர் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முந்தைய வருஷமே ஒரு முறை வந்த வலிதான். பக்கத்தில் தாப்பா ஆஸ்பத்திரி இருக்கிறது என்றேன். "ஈப்போவுக்கே போலாம், என் டாக்டர் அங்கதான இருக்காரு" என்றார். வாழ்நாளெல்லாம் அவரோடு மல்லுக்கு நின்றவள், அன்று பார்த்து விட்டுக்கொடுத்தேன்.

நான்தான் ஓட்டினேன். கோப்பேங் ஏற்றத்தில் மின்யாக்கை, அதாவது ஆக்சிலரேட்டரை, தரையோடு தரையாக அழுத்தினேன். இன்ஜின் திணறியது, கார் போகவில்லை. மணல் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. "ஒரேயடியா அழுத்தாத, விட்டு விட்டு மிதி" என்றார். அவர் முழுசாகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

கார் இப்படிச் செய்கிறது என்று இரண்டு மாதமாகவே மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மின்யாக் அழுத்தினா யோசிச்சு யோசிச்சுதான்டா போவுது." அவனும் அடுத்த வாரம் பார்க்கிறேன் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தான். கருமாதி முடிந்த அன்று, "நான் பாத்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்றான். அதன் பிறகு வீட்டில் அவன் பேச்சும் சாப்பாடும் பாதியாகிவிட்டன. எனக்கு அழுகையே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போய்க் கிடந்தது.

பட்டறை ஈப்போவில், குனோங் ராபாட்டில், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் இருக்கிறது. மெக்கானிக் நம் ஆள்தான், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். காரை நிறுத்திவைத்து இன்ஜின் ஓசையைக் கேட்டார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சும்மா நிக்கும்போது நல்லா இருக்கு அக்கா. மெதுவா அழுத்தினாலும் போவுது. ஒரேயடியா அழுத்தினாத்தான் செத்துப்போவுது" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார், குற்றம் ஒன்றும் காட்டவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், பெட்ரோல் சரியாக வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் இன்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே வட்டமாக ஒரு தகடு. மின்யாக்கை அழுத்தினால் அதுதான் திறக்குமாம்.

"இங்க அழுக்குன்னா கறுப்பா இருக்கணும். இது என்னா வெள்ளையா இருக்கு?" விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

எனக்கு மோந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அவர் ஏர்ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். குழாய் வாயில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டியவர், பின்னுக்கு இழுத்துத் துடைத்துக்கொண்டார்.

"உங்க சாமி சாமான் போல அக்கா. நான் தொடலாமா?"

நானே எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்த பிறகு ஒன்பது செவ்வாய்க்கிழமை விளக்குப் போட்டு, வாராவாரம் வாங்கிவந்த திருநீறு. கண்ணாடியில் தொங்கவிட்டால், "கண்ண மறைக்குது, எடு" என்று கத்துவார். அதனால் ஒருநாள் பானெட்டைத் திறந்தேன். மூடி போட்டு, கிளிப் மாட்டி, மழை படாத இடமாக அந்த ஒரு பெட்டிதான் இருந்தது. உள்ளே சுத்தமாகவும் இருந்தது. கார் அந்த வழியாகத்தான் மூச்சு விடுகிறது என்று எந்தப் பூசாரி எனக்குச் சொன்னார்?

முடிச்சு இரட்டை முடிச்சாக இருந்தது. நான் எப்போதும் ஒற்றை முடிச்சுத்தான் போடுவேன். அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

"ஒரேயடியா அழுத்தினா இன்ஜின் காத்த வேகமா இழுக்கும். துணி போய் வாய அடைச்சிக்கும். கால எடுத்தா விட்டுரும்" என்று மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். துடைத்து, மாட்டி, சாவியைக் கையில் கொடுத்தார். திரும்பும்போது காலை வைத்ததும் கார் பாய்ந்தது. நான் சிக்னலில் நின்றேன், பச்சை விழுந்ததும் கிளம்பினேன். அவ்வளவுதான்.

சாயந்திரம் மகன் சாப்பிட உட்கார்ந்தான். துணியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கார் இழுக்காம போனது உன்னால இல்ல. இத உள்ள வெச்சது நான்."

அவன் துணியையே பார்த்தான். அதிர்ச்சி இல்லை.

"தெரியும்மா."

"எப்படி?"

"அப்பா போன எட்டாம் நாளே தொறந்து பாத்தேன். முடிச்சு நெகிழ்ந்து கெடந்துச்சு. இறுக்கிக் கட்டி அங்கயே வெச்சுட்டேன்."

"ஏன்டா எடுக்கல?"

"எடுத்தா, ஒருநாள் நீங்க தேடுவீங்க. காணோமேன்னு என்கிட்ட கேப்பீங்க. என்னான்னு சொல்லுவேன்?"

பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, காரை விற்றுத் தொலைக்க இத்தனை நாளாக அவன் நடையாய் நடந்தது அதற்குத்தான். அவன் அழுதான். எனக்கு அப்போதும் வரவில்லை. நான் அந்த இரட்டை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழவில்லை, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தான்.