மூக்கர்

நீளமான காகிதப் பட்டையைக் குப்பியில் நனைத்து, மூக்கருகே ஒருமுறை வீசிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். "இன்னும் பழுக்கல. செங்காயாத்தான் இருக்கு," என்கிறார். எதிரே பழம் எதுவும் இல்லை, எல்லாம் கண்ணாடிக் குப்பிகள். சென்ட் கம்பெனியில் அவருக்கு 'மூக்கர்' என்று பேர். மாம்பழமோ கொய்யாவோ, எதைக் கேட்டாலும் மரமில்லாமலே காய்க்க வைப்பார்.

இனிப்பு மணத்தை யார் வேண்டுமானாலும் கலந்துவிடலாம். பழம் பழமாக மணக்கக் கந்தகம் சேர்ந்த சரக்கு ஒன்று வேண்டும். தனியே முகர்ந்தால் அது பூனை மூத்திரம். பீப்பாய்க்கு ஒரு சொட்டு விழுந்தால் கொய்யா கனிந்துவிடும். "கொய்யாவுக்கு உசுரே அந்த நாத்தத்துலதான். அது இல்லேன்னா வெறும் மிட்டாய்," என்பார். அதைத் தொட மற்றவர்களுக்குப் பயம். ஆகவே எல்லாம் இவர் தலையில்.

அது சும்மா விடுமா? முடியிலும் தோலிலும் குடியேறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. "நமக்கு ராஜா சீட்டு!" என்று சிரிப்பார். செருப்பைக் கழற்றும்போதே மனைவி, "பூனை வந்தாச்சு, ஜன்னலைத் திற," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் வாடை தெரியாது. அதிலேயே ஊறிய மூக்கு அதை மறந்துவிட்டது.

போன மாதம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கோச்சுக்காதீங்கப்பா. பிஞ்சுக் குழந்தை, மூச்சு முட்டிடும். குளிச்சிட்டு வாங்க." அவர் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவள் தலையில் மணத்த ஷாம்பூவின் மாம்பழ வாசனை இவர் கலந்தது. தோழிகளிடம் அவளே அதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறாள். பெருமை வேறு, பிள்ளை வேறு போலிருக்கிறது. கேட்கிறவர்களுக்கு வயிறு எரிகிறது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

லீவு போட்டார். வாடை முடியில்தான் தங்கும் என்று தலையை மழித்தார். கல்யாணத்துக்கு முன்பே வைத்த மீசையையும் எடுத்துவிட்டார். எலுமிச்சையும் சோடா உப்பும் தேய்த்துத் தேய்த்துக் கை வெந்துபோனது. புதுச் சட்டை மாட்டிக்கொண்டு மறுபடி போனார். குழந்தையைத் தோளில் சாய்த்தபடி கதவைத் திறந்த மகள், மழுமழுவென்றிருந்த அந்த முகத்தைப் பார்த்து யாரோ என்று விழித்தாள்.

அவர் குழந்தையைக் கேட்கவில்லை. சிவந்த உள்ளங்கைகள் இரண்டையும் மகளின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நீயே பாத்துச் சொல்லும்மா."

அவள் குனிந்து முகர்ந்தாள். பிறகு, தோளில் கிடந்த துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.