கேட்டுக்கு வந்து முகம் காட்டச் சொன்னவர்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ரெட்டியார்சத்திரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது எதிர்ச் சுவரில் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒருவர் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டமும், மேலே சிலுவையும், கீழே இரண்டு மெழுகுவத்தியும் இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதவன் இல்லை. பக்கத்தில் பூ விற்ற பெண்ணிடம், "ஆத்தா, எப்ப எடுக்குறாகன்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன். "நாளைக்குக் காலையில பூசை, பெறகு அடக்கம். ஒங்களுக்குச் சொந்தமா பெரியவரே?" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மில்லுக்காரர்" என்றேன். அந்தப் பஸ் போய், அடுத்ததும் போன பிறகுதான் ஏறினேன்.

நூல் மில்லில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு டைம் ஆபீஸ் சவரிமுத்து சாரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். யார் ஷிப்டுக்கு வந்தான், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் லீவு சேர்ந்தது என்று கணக்கு வைப்பது அவர் வேலை. பல்வலிக்காக எப்போதும் வாயில் ஒரு கிராம்பு வைத்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போதே அந்த வாசம் வரும். இனிக்கப் பேசத் தெரியாத மனிதர்.

கரண்டு கட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஷிப்டே ஓடாது. "வீட்டில் இருந்துகொள்ளுங்கள்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சவரிமுத்து சார் மட்டும், "கேட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்கப்பா" என்று ஒவ்வொருவனையும் நச்சரித்தார். எனக்கு அடுத்த மிஷினில் நின்ற பாண்டிக்கு அது பொறுக்கவில்லை.

"ஓடாத மில்லுக்கு என்னத்துக்கு சார் வரணும்? ஒங்க மூஞ்சியப் பாக்கவா?"

"ஆமா, அம்புட்டு அழகா இருக்குல்ல. வந்து பாத்துட்டுப் போ."

"பஸ்ஸுக்கு யாரு குடுப்பா?"

"நடந்து வாடா. தொந்தி கரையும்."

பாண்டி வரவில்லை. கரண்டு இல்லாத நாட்களில் வெங்காய மண்டிக்கு மூட்டை தூக்கப் போனான். கெட்டிக்காரன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் போனேன். எனக்கு ஏதோ புரிந்தது என்று நினைக்க வேண்டாம். வரச் சொன்னால் வந்து பழகிய உடம்பு. போவேன், கேட்டில் கைநாட்டு வைப்பேன், வேப்பமரத்தடியில் செத்த நேரம் உட்காருவேன், திரும்பி வருவேன். "மில்லு கேட்டைத் தூக்கிட்டுப் போயிருவாகன்னு காவலுக்குப் போறியா?" என்று பஸ்ஸில் கேலி பேசினார்கள்.

அந்த மார்கழியில் என் சம்சாரம் செல்லம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்று மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பொங்கலை ஒட்டி ஆபரேஷன். கூட இருக்க ஆள் இல்லை. மகன் அப்போது வெளிநாட்டில் இருந்தான். லீவு இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராமல் நின்றால் மில்லில் பெயரை அடித்துவிடுவார்கள். வேலை போனால் அவளுக்கு மருந்து வாங்க முடியாது. வேலைக்குப் போனால் அவள் தனியாகக் கிடப்பாள். சேர்ந்த லீவை வருஷா வருஷம் காசாக வாங்கித் தின்றுவிட்டவன் நான். டைம் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றேன்.

சவரிமுத்து சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வருஷத்துல இருநூத்தி நாப்பது நாள் இருந்தாத்தான் அடுத்த வருஷம் லீவு. நீ மிஷின்ல நின்ன நாளு அதுக்குப் பத்தாது."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பதறாத. வந்தவனுக்கு வேலை குடுக்காம திருப்பி அனுப்புன நாளும் அதுல சேரும். நீ கேட்டுக்கு வந்திருக்க. தாண்டிட்ட."

"இத அப்பவே ஏன் சார் சொல்லல?"

"சொன்னா டீக்கடையில பேசுவீங்க. மேனேஜர் காதுக்குப் போகும். மறுநாளே கேட்டைச் சாத்திருவாக."

இருந்தும் பத்து நாள்தான் வந்தது. மிஷினில் நின்ற நாளில் இருபதுக்கு ஒன்று. திருப்பி அனுப்பிய நாள் அந்த இருநூற்று நாற்பதில் சேருமே தவிர, அதற்கென்று லீவு தராதாம். மிஷினில் நின்று நின்று காலெல்லாம் நரம்பு சுருண்டு கிடந்தவனுக்குப் பத்து நாள். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். காலண்டரை இழுத்து வைத்துக்கொண்டார். "வார லீவும், பொங்கலுக்கு மில்லு மூடுற நாளும் இந்தப் பத்துல சேராது. நான் சொல்ற அன்னைக்குத் தொடங்கு" என்றார். அவர் விரல் வைத்த இடத்திலிருந்து எண்ணினால் இரண்டு வாரத்துக்கு மேல் வந்தது.

மேனேஜர் விடவில்லை. என்னையும் நிற்க வைத்துக்கொண்டு, "கேட்டுல வந்து உக்காந்துட்டுப் போனதெல்லாம் வேலையா?" என்று கேட்டார். சவரிமுத்து சார் குரலை உயர்த்தவில்லை. "வேலைக்குத்தான் சார் வந்தான். கரண்டுதான் வரல." மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

அவர் பயந்தது நடந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஷிப்டு இல்லாத நாளில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். பாண்டி தன் மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டான். அவனுக்கு ஒரு நாள்கூட இல்லை. லீவில்லாமலே வேலைக்கு வராமல் நின்றுவிட்டுத் திரும்பியபோது அவன் மிஷினில் வேறு ஆள் நின்றான். டைம் ஆபீஸ் ஜன்னலில் போய், "காரணத்தைச் சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?" என்று கத்தினான். சவரிமுத்து சார் வாயிலிருந்த கிராம்பைத் துப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு பாண்டி அவரோடு பேசவில்லை.

நான் லீவெடுத்துக் கூட இருந்த நாட்களில், ஆஸ்பத்திரியில் செல்லம்மாள், "வேலை போயிராதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சம்பளத்தோடு லீவு என்று சொன்னால் நம்பவில்லை. "ஒனக்கு யாரு லீவு குடுத்தா?" என்று சிரித்தாள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொங்கல் கழிந்த மறுநாள் விடிகாலையில் போய்விட்டாள். என் கை அவள் நெற்றியில் இருந்தது.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மில்லுக்குப் போய்விட்டேன். வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. சவரிமுத்து சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"மிச்சம் மூணு நாள் இருக்கே."

"வீட்டுல இருந்து என்ன சார் செய்ய?"

"ஒண்ணும் செய்யாத. உக்காரு. அதுக்குத்தான் லீவு."

"கேட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிட்டேன்ல சார். உள்ள விடுங்க."

"இன்னைக்கு ஒன் முகத்தை நான் பாக்கல. போ கருப்பையா."

போனேன். உட்கார்ந்தேன். பகல் வெயிலில் என் வீடு எப்படி இருக்கும் என்று அதற்குமுன் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அடுப்படியில் ஓட்டுச் சந்து வழியாக ஒரு துண்டு வெயில் இறங்கி, அவள் உட்காரும் பலகை வரைக்கும் வந்துவிட்டுப் போனது. முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் அழுதேன். மூன்றாம் நாள் எழுந்து அந்தப் பலகையைக் கழுவி வைத்தேன்.

அடக்கத்தன்று சவரிமுத்து சார் வீட்டுக்குப் போனபோது தெருமுனை மின்கம்பத்தடியில் பாண்டி நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. "உள்ள வாடா" என்றேன். "வரல" என்றான். பெட்டியை வெளியே தூக்கியதும் என்ன நினைத்தானோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அவர் முகத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து என் தோளைப் பிடித்தான். "முகத்தைக் காட்டிட்டேன்டா" என்றான். இரண்டு பேரும் டீ குடிக்காமலே பிரிந்தோம்.

இப்போது எனக்கு எல்லா நாளும் லீவுதான். கண்டக்டர் உட்காரச் சொல்கிறார், டாக்டர் உட்காரச் சொல்கிறார். எனக்கு உரிமையானது என்று கணக்குப் போட்டுக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த மூன்று நாளை இன்னும் மனசில் வைத்திருக்கிறேன்.