மூன்று வருஷச் சட்டம்

டென்மார்க்கில், வைலே நகரில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வெறும் போத்தலில்தான் தொடங்கியது. குடித்து முடித்த பியர்ப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு தருவார்கள். உதைபந்தாட்டம் முடிந்த மைதானத்திலும், வெயில் காலத்தில் ஃபியோர்ட் என்கிற கடற்கழிக் கரைப் புல்வெளியிலும் வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போகும் போத்தல்களை நாங்கள் சாக்கில் பொறுக்கினோம். நாங்கள் என்றால், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டு வந்திருந்த ஆண்கள். குடும்பத்தோடு வந்து சேர்ந்திருந்த சிலருடைய பிள்ளைகள் தமிழை மறந்துகொண்டிருந்தார்கள். போத்தல் காசில் அவர்களுக்கு மண்டப வாடகை கட்டினோம், கொப்பி பென்சில் வாங்கினோம், பெரிய பிள்ளைகளுக்குக் கரப்பந்தும் வலையும் வாங்கினோம்.

“குடியுங்கோடா, நல்லாக் குடியுங்கோ. எங்கட பிள்ளையளின்ர தமிழ் உங்கட பியரிலதான் வளருது” என்று மைதானத்து விளிம்பில் நின்று அண்ணை சொல்லுவார். ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அவருக்குக் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

அண்ணை என்று நான் சொல்வது என்னோடு ஒரே அறையில் இருந்தவரை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னிலும் வயதில் மூத்தவர், ஊரில் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர், டெனிஸ் மொழியையும் கெதியில் பிடித்துக்கொண்டார். நான் மட்டக்களப்புப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வேறு அறை கிடைத்த பிறகும் அவர் போகவில்லை. “மட்டக்களப்பான் என்னைப் பாயோட ஒட்டவைச்சிட்டான்” என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் பக்கத்தார் வந்தவர்களை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று ஊரில் ஒரு கதை. காய்ச்சல் வந்தால் எனக்குக் கஞ்சி வைத்துத் தந்ததும் அவர்தான். நல்லதையும் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பை நடத்திய தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு வழக்கம் இருந்தது. அன்பளிப்புச் செய்தவர்களின் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். அதைக் கேட்பதற்கென்றே கோட்டுப் போட்டுக்கொண்டு சிலர் வருவார்கள். எனக்கோ நாலு பேருக்கு முன்னால் என் பெயரைக் கேட்டாலே உடம்பு கூசும். சம்பளத்தில் ஒரு பங்கை நான் அந்த வகுப்புக்குக் கொடுத்து வந்தேன். பேச்சுப் போட்டிக்கு வெள்ளிக் கேடயம் வேண்டுமென்றபோது அதையும் நானே வாங்கிக் கொடுத்தேன். அண்ணை அப்போது செயலாளர்.

“பெயர் வேண்டாம் அண்ணை.”

“பிறகென்னெண்டு வாசிக்கிறது? ஆவி குடுத்ததெண்டோ?”

“ஏதாவது போடுங்கோ.”

“சரி, ‘அன்பர் ஒருவர்’ எண்டு போடுறன். அந்த அன்பர் மண்டபத்துக்குப் பின்னால தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிப்பார்.”

உண்மையில் அப்படித்தான் நின்றேன். சனிக்கிழமைகளில் கதிரை அடுக்குவதும் தேநீர் ஊற்றுவதும் என் வேலை. பிள்ளைகள் என்னைத் தேத்தண்ணி மாமா என்று கூப்பிட்டார்கள். என் மகளுக்கு நான் புறப்படும்போது ஏழு வயது. பிறருடைய பிள்ளைகள் “அ, ஆ” என்று கத்துவதைக் கேட்கும்போதெல்லாம், அவள் வந்தால் எந்த வரிசையில் இருப்பாள் என்று யோசிப்பேன். நான் கொடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் வரும்போது இங்கே அவளுக்கு ஓர் இடம் இருக்கவேண்டும்.

அண்ணையின் குடும்பம் வந்து இறங்கிய கொஞ்ச நாளில் கதவு மூடியது. குடும்பத்தை எடுப்பதற்கு நான் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. கேட்கப் போனால் பொறுத்திருங்கள் என்றார்கள். எங்களில் பலருக்கு அதே கதி. மேலே அமைச்சில் இருந்துதான் எங்கள் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதும், அது சட்டத்துக்கு மாறானது என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. அப்போது எங்களுக்கு அது தெரியாது. ஏதோ எங்கள் எழுத்தில்தான் பிழை என்று நினைத்தோம். ஊரில் இந்திய ராணுவத்தின் காலம். என் மனைவியும் மகளும் வீட்டை விட்டு ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமுக்குப் போனார்கள். அங்கே பெரியவர்களுக்கு என் மகள் பேப்பர் வாசித்துக் காட்டுவாளாம். மனைவி எழுதியிருந்தாள்.

கடைசியில் அனுமதி கிடைத்து அவர்கள் வந்து சேர்ந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது.

டெனிஸ் பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். டாக்டர் பார்த்தார், காதில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. ஜன்னலோரம் இருந்து வீதியைப் பார்ப்பாள். என் மனைவி பயந்துபோனாள்.

“இஞ்சேருங்க, இந்தப் புள்ள இப்படியே ஊமையாப் போயிருமா?”

சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் அவள் பேசினாள். முதலில் மெதுவாக, பிறகு வாய் ஓயாமல். இடைவேளையில் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று கதை கேட்டார்கள். அவர்களுக்குப் பாதிதான் விளங்கும், ஆனாலும் சிரித்தார்கள். தேநீர்க் கேத்தலுக்குப் பின்னால் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, பொறுக்கின போத்தலெல்லாம் இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

மன்னாரைச் சேர்ந்த இளம் பெண் ஒருவர் அங்கே ஆசிரியையாக இருந்தார். அவர் மகளின் பெயரைப் பேச்சுப் போட்டியில் சேர்த்தார். மற்றப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் பேச்சை எழுதி, அதையும் டெனிஸ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் பொருள் தெரியாமல் பாடமாக்குவார்கள். என் மகள் தானே பேச்சை உண்டாக்கினாள். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் குடங்களை வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் இருப்பார்களாம். ஒரு நாள் ஆடு ஒன்று வந்து குடங்களைத் தட்டி உருட்டிவிட்டது. யாருடைய குடம் முதலில் இருந்தது என்று முகாமே சண்டை பிடித்தது. கடைசியில் ஆட்டையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். குசினியில் நின்று அவள் அதைச் சொல்லிக்காட்ட, என் மனைவி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வயிறு நோகச் சிரித்தாள். போட்டி நாளை மகள் கலண்டரில் சிவப்பாகச் சுற்றி வைத்தாள்.

போட்டிக்கு முன் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். நான் வழக்கம்போலப் பின்னால் கோப்பைகளோடு நின்றேன்.

ஒரு தகப்பன் எழும்பினார். “ஊரில படிச்சிட்டு வந்த பிள்ளையை இதில விடுறது என்ன நியாயம்? குத்துச்சண்டைக்காரனோட குழந்தைப்பிள்ளையை விட்ட மாதிரி.”

“என்ர மகன் ஒரு மாசமாப் பாடமாக்கிறான்” என்றார் ஒரு தாய். “அவள் ஏறிக் கதைச்சால் இவன் மேடையிலேயே அழுதிடுவான்.”

“அப்ப, தமிழ் வகுப்பில தமிழ் தெரிஞ்சது குற்றமோ?” என்று ஆசிரியை கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். “அப்பிடிச் சொல்லேல்லை ரீச்சர். ஆனால் எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குதெல்லோ” என்றது ஒரு குரல்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் எழும்புவார் என்று எனக்குத் தெரியும். என் மகள் வருவதற்காக நான் காத்திருந்த ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரியும். எழும்பவும் எழும்பினார்.

“ஒருத்தரும் கோவிக்க வேண்டாம். ஒரு சட்டம் வைப்பம். இஞ்ச வந்து மூண்டு வருஷம் படிச்ச பிள்ளையள் மட்டும் போட்டியில நிக்கட்டும். புதுசா வந்த பிள்ளையளுக்குச் சிறப்பு நிகழ்ச்சி எண்டு குடுப்பம். தொடக்கத்தில இருந்து இந்த வகுப்புக்குத் தோள் குடுத்த குடும்பங்களைத்தானே நாங்கள் முதல்ல பாக்கவேணும்.”

கை தட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்தவரிடம், “தேத்தண்ணி ஊத்துறவற்ற பிள்ளையாம். பாவம்” என்றார். என் கையில் கோப்பைகள் இருந்தன. சொல்லவேண்டியது முழுதும் நெஞ்சில் இருந்தது. கூட்டத்தில் பேசிப் பழகாதவன், கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் அண்ணையைப் பிடித்தேன்.

“அண்ணை, தோள் குடுத்த குடும்பம் எண்டு சொன்னீங்களே.”

அவர் சாவியைத் தேடுவதுபோலப் பொக்கற்றுக்குள் கையை விட்டார். “தம்பி, பெயர் வேண்டாம் எண்டது நீதானே? இப்ப நான் எழும்பி ‘அவர்தான் அன்பர்’ எண்டு சொன்னால், குடுத்ததைச் சொல்லிக்காட்டின மாதிரியெல்லோ இருக்கும். உனக்கு அது வடிவில்லை.”

“பெயரைக் கேக்கல்ல அண்ணை. பிள்ளைய விடுங்கோ எண்டு ஒரு சொல்லு.”

“என்ர பொடியனும் நிக்கிறான். நான் அப்பிடிச் சொல்லேலாது. உனக்கு விளங்கவேணும்” என்றார். பிறகு என் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

அதுவரை எனக்கு அவர் மகனைப் பற்றி நினைவே வரவில்லை.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

“மூன்று வருஷம் முதலே வந்திருந்தா என்னையும் சேர்த்திருப்பாங்களா அப்பா?”

“ஓம் புள்ள.”

“அப்ப ஏன் எங்கள முதலே கூப்பிடல்ல?”

விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள் என்று சொன்னேன். நிறுத்தினது ஆர் என்று கேட்டாள். அரசாங்கம் என்றேன். வராததும் எங்கட பிழை இல்லை, வந்ததும் எங்கட பிழை இல்லை, அப்ப ஏன் அப்பா என்று கேட்டாள். அரசாங்கம் பிடித்து வைத்த வருஷங்களில்தான் அவள் அந்தத் தமிழைப் படித்தாள். அந்த வருஷங்களை இப்போது எங்கள் ஆட்களும் அவள் கணக்கில் குற்றமாக எழுதினார்கள்.

விழாவில் அண்ணையின் மகன் முதலாவதாக வந்தான். நல்ல பிள்ளை, தடங்கல் இல்லாமல் சொன்னான். “அன்பர் ஒருவர் அன்பளிப்புச் செய்த கேடயம்” என்று அண்ணையே மைக்கில் வாசித்துத் தன் மகன் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள். சிறப்பு நிகழ்ச்சியைக் கடைசியில் வைத்திருந்தார்கள். என் மகள் மேடைக்கு வந்தபோது சனம் சாப்பாட்டு மேசைக்கு எழும்பிவிட்டது. “குடங்களை வரிசையில் வைத்துவிட்டு” என்று தொடங்கினாள். தட்டுச் சத்தத்தில் முன்வரிசைக்கே கேட்கவில்லை. ஆசிரியை மட்டும் கதிரையில் இருந்தார். ஆடு வருவதற்கு முன்னமே மகள் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் எழும்பவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. நானும் போத்தல் பொறுக்கப் போகவில்லை, காசும் கொடுக்கவில்லை. தேத்தண்ணி ஊற்ற வேறு யாரோ வந்திருப்பார்கள். ஏன் வரவில்லை என்று சங்கத்திலிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்கு எங்கேயாவது பேசவேண்டியிருந்தது. டெனிஸ் பள்ளிக்கூடத்தில் பேசத் தொடங்கினாள். சிநேகிதிகள் பிடித்தாள், கைப்பந்தில் சேர்ந்தாள், போனில் மணிக்கணக்காகக் கதைத்தாள். ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு, அற்புதமான முன்னேற்றம் என்றார். நானும் மனைவியும் தலையாட்டினோம். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஸில் பதில் சொல்லுவாள். சின்னப் பதில் என்றால் விளங்கும். நீளமாகச் சொன்னால் தொழிற்சாலை டெனிஸ் எனக்குப் போதாது.

பிறகு டெனிஸ் அரசாங்கம் விழுந்தது. எங்களுடைய குடும்பங்களைத் தடுத்து வைத்ததற்காக விழுந்தது. வேலையில் பக்கத்து மேசைக்காரன், பெரிய மனிதன், என் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்போது உனக்கு நீதி கிடைத்தது என்றான். நான் நன்றி சொன்னேன். அமைச்சரை விசாரிக்க நீதிபதிகள் இருந்தார்கள். ஒரு மண்டபத்தில் கை தட்டி வைத்த சட்டத்தை விசாரிக்க ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரன் செய்ததை என்னால் தாங்க முடிந்தது. அவனுக்கு என்னைத் தெரியாது.

அந்த வருஷம் விழாவுக்கு முன் அண்ணை வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. ஒன்றும் நடக்காததுபோல, “என்ன தம்பி, ஆளைக் காணேல்லை” என்று கதிரையை இழுத்து இருந்தார். மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். விழாவுக்கு நான் முந்திப்போல ஏதாவது கொடுக்கவேண்டும் என்றார். அப்போது மகள் கைப்பந்துப் பையோடு உள்ளே வந்தாள்.

“பிள்ளை, நல்ல நேரம்” என்றார் அண்ணை. “இப்ப மூண்டு வருஷம் முடிஞ்சுதெல்லோ. இந்த முறை நீ போட்டியில நிக்கலாம். உன்ர வயசுப் பிரிவில கதைக்க ஆளே இல்லை.”

அவள் பையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். டெனிஸில் சொன்னாள். கோபமாக இல்லை, மரியாதையான குரல்தான். ஆனால் நீளமாகச் சொன்னாள், நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். எனக்கு ‘மூன்று வருஷம்’, ‘அப்பா’ என்று ஒன்றிரண்டு சொல்தான் பிடிபட்டது. சொல்லி முடித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அண்ணை கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“என்ன சொல்லுறாள்?” என்று கேட்டேன். என் மகள் என் வீட்டில் சொன்னதை, உலகத்தில் யாரிடம் கேட்கக் கூடாதோ அவரிடமே கேட்டேன்.

“ஒண்டுமில்லை தம்பி” என்றார். “நேரமில்லையாம்.”

அவ்வளவு நீளமாக அவள் சொன்னது அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் மறுபடி கேட்கவில்லை. அண்ணை தேநீரைக் குடிக்காமல் எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.