இரண்டு காதுகளுக்கு நடுவே

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாக விரித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஞானசீலன் எதிரே நிற்பவரின் காதுகளை அளப்பார். நியூ ஜெர்சியின் ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறியதுமே ஆரம்பித்துவிடும். கை முகத்தையொட்டியே இருப்பதால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்கிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முதலில் ஒற்றைக் காதின் அகலம். பிறகு அதே அகலம் இரண்டு காதுகளுக்கும் நடுவே எத்தனை முறை கொள்ளும் என்று விரல்களை நடத்திப் பார்ப்பார். பேப்பர் படிக்கும் வழுக்கைத் தலையர், நின்றபடி தூங்கும் நர்ஸ், ஹெட்போன் மாட்டிய பையன், யாரும் தப்புவதில்லை. அளந்து முடித்ததும் என் பக்கம் சாய்ந்து முடிவைச் சொல்வார்.

"நல்ல அகலமான நெத்தி. காது ஒண்ணு இந்தக் கரையில நிக்கி, ஒண்ணு அந்தக் கரையில நிக்கி. கரடியா இருந்தா இது ஆம்பிளையாக்கும், கேட்டியா."

மனிதர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது என்பது அவருக்கும் தெரியும். கண் பழகட்டும் என்பார். டிசம்பரில் காட்டுக்குள் நிற்கும்போது யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காதாம்.

நியூபோர்ட்டில் ஒரு வங்கியின் பழைய மெயின்ஃப்ரேம் புரோகிராம்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது ஞானசீலனின் வேலை. நானும் அங்கேதான், இரண்டு மேஜை தள்ளி. நாகர்கோவில்காரர். மற்றவர்கள் எடிசன் பக்கம் வீடு தேடியபோது அவர் மட்டும் வடக்கே வெர்னன் மலைக்குப் போய், பின்வாசலில் காடு தொடங்குகிற ஒரு வீட்டை வாங்கினார். காலையில் அங்கிருந்து டிரைவ் பண்ணி வந்து, ஜர்னல் ஸ்கொயரில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறுவார். குளிர்காலத்தில் அவர் கோட்டிலிருந்து மரப்புகையும் மிளகும் கலந்த ஒரு வாசனை வரும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவர் எந்தக் கதவு வழியாக ஏறினார் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

மான் வேட்டைக்கு வருஷா வருஷம் போகிறவர். சுட்டதை வீணாக்கமாட்டார். எலும்புவரை குழம்பாகிவிடும். வேட்டை பாவம் என்று யாராவது ஆரம்பித்தால் கோபப்படமாட்டார். கடையில் பிளாஸ்டிக் சுற்றி அடுக்கி வைத்திருக்கிற கோழிக்கு மட்டும் அம்மா கிடையாதா என்று அமைதியாகக் கேட்பார். இரை கொட்டி வைத்து, தின்ன வந்ததைச் சுடுகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டுச் செய்கிற வேலையா அது என்பார்.

பல வருஷங்களுக்குப் பிறகு 2003-இல் நியூ ஜெர்சியில் கருங்கரடி வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். ஞானசீலன் முதல் ஆளாக பெர்மிட் வாங்கினார். வெறும் கையோடு திரும்பினார். ஒரு கரடி வந்ததாம். பின்னாலேயே அதன் குட்டியும் வந்ததாம். அடுத்த வருஷம் வேட்டையே நடக்கவில்லை. 2005-இல் மறுபடி பெர்மிட் வாங்கியபோதுதான் அந்த வார்த்தையை விட்டார். எங்கள் தமிழ் கிறிஸ்தவ ஐக்கியத்தின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இந்தத் தடவை கரடிக் கறி கொண்டுவருவதாக, மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும்.

அதிலிருந்து ரயிலில் தஸ்தகீருக்குக் கொண்டாட்டம். மேலப்பாளையத்துக்காரர், எங்கள் ஆபீஸ்தான், விருந்துக்குத் தவறாமல் பிரியாணியோடு வருகிறவர். "என்ன அண்ணாச்சி, கரடி அப்பாயின்ட்மென்ட் குடுத்திருச்சா?" என்றுதான் காலை வணக்கமே சொல்வார். கரடி தனக்கு ஹலால் இல்லை, ஆனால் வாசனை பிடிப்பதற்கு மார்க்கத்தில் தடை இல்லை என்பது அவர் கட்சி. ஆணா பெண்ணா என்கிற ஆராய்ச்சியெல்லாம் பயத்தை மறைக்கிற வேலை என்றும் சொல்வார்.

"எதை வேணாலும் சுடலாம்னு சட்டமே அலவ் பண்ணுதுல்லா. உங்களுக்கு என்ன அண்ணாச்சி வந்துச்சு?"

"சட்டம் பண்ணும் தஸ்தகீரு. துப்பாக்கியப் பிடிக்கது நானாக்கும்."

அவர் சட்டம் தனி. சினையாக இருக்கும் கரடிகள் டிசம்பருக்குள் பெரும்பாலும் குகைக்குப் போய்ப் படுத்துவிடும். அதற்கப்புறமும் வெளியே திரிகிற பெண் கரடி என்றால் கூடவே பெரும்பாலும் குட்டி இருக்கும். குட்டி உடனே கண்ணில் படாது. அம்மா முன்னால் போக, அது எங்காவது மரப்பட்டையை நோண்டிக்கொண்டு பின்தங்கி வரும். அதனால் கரடி வந்ததும் காதைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு முகம் ஒடுங்கி, காது பெரிதாக, உச்சியில் நெருங்கி நிற்கும். ஆணுக்குத் தலை பெருத்துப்போவதால் காது சிறுத்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கழுத்தும் தலையும் ஒரே பருமன். பனியில் அது ஒன்றுக்குப் போன இடத்தைப் பார்த்தால் சந்தேகமே மிஞ்சாது, ஆனால் அதுவரைக்கும் நமக்காக யார் காத்திருப்பது என்பார்.

காதைப் பார்த்த பிறகும் சுடமாட்டார். பரமண்டல ஜெபத்தை மனதுக்குள், ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்வதைப் போல நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை சொல்வார். பின்தங்கிய குட்டி வந்து சேர அது போதும். இரண்டாவது ஆமென் வரை ஒன்றும் வராவிட்டால்தான் விரல் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டுக்குப் போகும். ஜெபத்தைக் கடிகாரமாக்குவது அவர் மனைவி எலிசா அக்காவுக்குப் பிடிக்கவில்லை. கடிகாரம் பார்த்து ஜெபிக்கிறவர்களைக் கர்த்தருக்குப் பழக்கம்தான் என்று இவர் பதில் சொல்வார்.

அந்த வருஷம் இன்னொரு வழக்கும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் வெயிலில் எலிசா அக்கா பின்பக்க டெக்கில் வெள்ளைத் துணி விரித்து நெத்திலி காயப்போட்டிருக்கிறார். கரடி ஊரில் கருவாடு காயப்போட எங்கள் ஆட்களுக்குத்தான் தோன்றும். மத்தியானம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தால் ஒரு கரடி சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சில் வெள்ளையாக ஒரு திட்டு, சாப்பிட உட்காருமுன் கழுத்தில் செருகிக்கொண்ட கைக்குட்டை மாதிரி. அக்காவும் மகள் ஆன்லினும் கதவுக்கு உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவசரமே இல்லாமல் தின்றுவிட்டுப் போனது. துணி கிழியவில்லை. மீன் தலைகள் மட்டும் ஒரு ஓரமாகக் கிடந்தன.

"டாட், ஷீ வாஸ் ஸோ பிக்கி" என்றாள் ஆன்லின், அது பொறுக்கி ஒதுக்கிய தலைகளைக் காட்டி.

எலிசா அக்காவுக்கும் சந்தேகமே இல்லை. ஆம்பிளையாக இருந்தால் துணியோடு சேர்த்துத் தின்றிருக்கும். தலையை ஒதுக்கி வைக்கிற பக்குவம் பெண்ணுக்குத்தான் வரும். அவர் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் வார்டன் சாந்தாமணி இப்படித்தான் தலையைத் தொடமாட்டாராம். கரடிக்கு சாந்தாமணி என்று பெயரும் வைத்தாயிற்று. ஆபீஸில் இருந்ததால் கரடியைப் பார்க்காத ஞானசீலனுக்கு இது பொறுக்கவில்லை.

"தலையப் பாக்காம எப்பிடிச் சொல்லுவ நீ?"

"அதான் தலையெல்லாம் இருக்கே, வந்து எண்ணிப் பாருங்க."

பிறகு நெத்திலியை கராஜுக்குள் ஃபேன் வைத்துக் காயப்போட ஆரம்பித்தார்கள். வழக்கு மட்டும் டிசம்பர் வரை ஓடியது.

வேட்டையின் கடைசி நாள் சனிக்கிழமை. வாரம் முழுக்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விருந்துக்குப் பெரிய அலுமினிய அண்டா கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். எலிசா அக்கா தேங்காயையும் மிளகையும் கருக வறுத்து மசாலாவும் அரைத்து ஃப்ரீஸரில் வைத்துவிட்டார். பார்க்க ஆசையாக இருக்கிறது என்று நான் ஒரு தடவை சொன்னதை நினைவில் வைத்து, ஞானசீலன் என்னையும் கூட்டிப்போனார். பக்கத்து நிலக்காரரின் காட்டில், இரண்டு பேர் உட்காரும் பரண். எனக்கும் ஒரு ஆரஞ்சு சட்டை. கையில் துப்பாக்கிக்குப் பதில் கேமரா. முந்தின நாள் பெய்த பனி ஒரு எழுத்தும் விழாத தாளாகக் கிடந்தது. ஓக் மரங்கள் அவ்வப்போது கொஞ்சம் பனியை உதறிக்கொண்டன.

நாங்கள் எதிர்பார்த்த திசையில் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அங்கே நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு கறுப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அத்தனை பெரிய தலையில் காதுகளைத் தேட வேண்டியிருந்தது. ஞானசீலன் துப்பாக்கியை எடுத்தார். உதடுகள் அசைந்தன. முதல் ஆமென். கரடி ஓர் அடிமரத்தில் முதுகைத் தேய்த்தது. கிளைகளுக்கிடையே வேறெதுவும் அசையவில்லை. இரண்டாவது ஆமென். பூட்டு விடுபடுகிற சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் அது எங்களைப் பார்த்துத் திரும்பி, பனியில் உட்கார்ந்தது. நெஞ்சில் வெள்ளைக் கைக்குட்டை.

அவர் உதடுகள் மறுபடி அசைய ஆரம்பித்தன. அவர் மூன்றாவது தடவை சொல்லி எனக்குத் தெரியாது. முடித்துவிட்டுப் பூட்டைத் திரும்பப் போட்டார்.

"சாந்தாமணி" என்றார், மூச்சளவில்.

நான் படம் எடுத்த சத்தத்துக்குக் கரடி தலையை நிமிர்த்தியது. எங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து, சாப்பாடு முடித்தவர் கைகழுவப் போவதைப் போல, மெதுவாகப் போய்விட்டது.

பரணிலிருந்து இறங்கும்போது ஏன் சுடவில்லை என்று கேட்டேன். "எலிசா சொன்னதாக்கும் சரி. பொம்பிளதான். காதப் பாத்தேன்லா" என்றார். கடைசி நாளும் போய்விட்ட மனிதர்போல அவர் இல்லை. காலி ஐஸ் பெட்டி பின்னால் குலுங்கிக்கொண்டே வர, வழி முழுக்கக் கீர்த்தனை பாடினார். வழியில் காரை நிறுத்தி ஆளுக்கு இரண்டு டோனட் வாங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "நீ ஜெயிச்ச பிள்ள" என்றுதான் மனைவியிடம் சொன்னார்.

விருந்தன்று அண்டா வந்தது. தூக்கி வந்தவரே ஞானசீலன்தான். தஸ்தகீர் ஓடிப்போய் மூடியைத் திறந்தார். கரடிக்காக அரைத்த மசாலாவில் நெத்திலி கொதித்து அடங்கியிருந்தது.

"அண்ணாச்சி, கரடி எங்க?"

"கரடி தின்ன மீனோட தம்பிமாரு இவங்க. ஊத்திச் சாப்பிடு."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர் பயந்துவிட்டார் என்றார்கள். பெர்மிட் வாங்கிக்கொண்டு கரடிக்கு ஜெபக்கூட்டம் நடத்தினார் என்றார்கள். கரடிக்கு ஞானஸ்நானம் எப்போது என்று ஒருவர் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பரிமாறினார். எலிசா அக்கா அன்று மேடை ஏறாத குறை. "தலையப் பாக்கணும், தலையப் பாக்கணும்னு மூணு மாசமா எங்கிட்டச் சண்டை. அது தின்ன மிச்சத்தப் பாத்தே நான் சொல்லிட்டேன்" என்று ஒவ்வொரு மேஜையாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஞானசீலன் "ஆமா, ஆமா" என்றார். அண்டா காலியானது. தஸ்தகீர் மூன்றாவது தடவை சோறு வாங்கினார்.

அடுத்த கோடையில் ஒரு ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தேன். வனவிலங்குத் துறையின் கூடாரத்தில் கரடித் தோலும் மண்டையோடுகளும் வைத்திருந்தார்கள். குழந்தைகள் கலைந்துபோகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, பையிலிருந்த படத்தை அங்கிருந்த உயிரியல் நிபுணரிடம் நீட்டினேன். அந்த அம்மாள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பேனா முனையால் ஒரு காதைத் தொட்டு, வெகு தூரம் போய் மற்றக் காதைத் தொட்டார். ஆண்தான், நல்ல வளர்ந்த ஆண், தங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கூடச் சொல்லிவிடுவான் என்றார்.

திங்கட்கிழமை ரயிலில் விஷயத்தைச் சொல்லி, படத்தை ஞானசீலனிடம் கொடுத்தேன். எதிரே ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மூன்று வருஷமாக எந்தத் தலையையும் அளக்காமல் விடாத மனிதர் படத்தை வாங்கினார். சாந்தாமணியின் வெள்ளைத் திட்டை மட்டும் பெருவிரலால் ஒருமுறை துடைத்தார். விரல்களை விரிக்கவில்லை, கண்ணை மூடவில்லை.

"எலிசாவுக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லி, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.