நாலு பெட்டி ஐரின்

ஸ்பீக்கர் பெட்டியின் முகத்தை மூடும் கறுப்பு நுரைப்பஞ்சைத் துணி ஊறவைக்கும் வாளியில் முக்கி எடுக்கிறாள் ஐரின். பிழிவதில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குழந்தைக்குக் கன்னம் துடைப்பதுபோல் அமுக்குகிறாள். முதலில் வரும் தண்ணீர் ரோஸ் நிறம். போன வாரக் கல்யாண ரிசப்ஷனில் தூவிய காகிதத்தின் சாயம். அடுத்து வருவது வெறும் பெங்களூர் மண். கணவர் ஓஸ்வால்ட் ஒருமுறை உதவி செய்கிறேன் என்று வந்து பஞ்சை முறுக்கிப் பிழிந்துவிட்டார். அதன் பிறகு அவர் வாளிப் பக்கம் வந்தாலே, "நீங்க போயி டெம்போவைக் கழுவுங்க. அது இரும்பு, தாங்கும்" என்று துரத்திவிடுவாள்.

ஜீவனஹள்ளியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. கூடத்தில் பாதியை, அடிச் சத்தத்துக்கான நாலு பாஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை பீரோ உயரம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அவற்றின் மேல் உட்காரப் பார்ப்பார்கள். "எழுந்திரு. சோபா எதுக்குப் போட்டிருக்கேன்?" என்பாள், வந்தவர் பங்குச் சாமியாராக இருந்தாலும். ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் தனி ஸ்டூல், அதன் மேல் கைத்தையல் துணி.

ஐரின் பிறந்தது தங்கவயலில். அப்பாவுக்குச் சுரங்க வாசலில் வேலை; ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்து நிறுத்துவது. கல்யாணமாகிப் பெங்களூர் வந்ததும் பீன்யாவில் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றினாள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, புருஷன் நடத்திக்கொண்டிருந்த சவுண்ட் சர்வீஸுக்குள் நுழைந்தாள். அதிலிருந்து வேலை இரண்டாகப் பிரிந்தது. வாய் ஓஸ்வால்டுடையது, ஒயர் ஐரினுடையது. ஆர்டர் பேசுவது, கை குலுக்குவது, "பண்ணிடலாம் சார்" என்பது எல்லாம் அவர். பண்ணுவது அவள்.

சிக்கல் அங்கேதான் முளைக்கும். இந்த ஊரில் சவுண்டுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் எத்தனை வாட் சக்தி, எத்தனை ஓம் தடை என்று விசாரிப்பதில்லை. "எத்தனை பாக்ஸ்?" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டில் நாலு என்றால் பெண் வீட்டில் ஆறு. ஆறு என்றால் பக்கத்துத் தெருவில் எட்டு. ஓஸ்வால்டுக்கு எட்டு என்று சொல்வதில் எந்தக் கஷ்டமும் இல்லை. நண்பர்களிடம் நாலு பெட்டி இரவல் வாங்கி, இருக்கிற நாலின் பின்னால் கோத்துவிடுவார்.

போன வருஷம் நீலசந்திராவில் அம்பேத்கர் ஜெயந்தி ஊர்வலத்தில் அப்படித்தான் கோத்தார். ஐரின் அன்று சொந்தக்காரர் துக்கத்துக்குப் போயிருந்தாள். ஏப்ரல் வெயில். தெருமுனை தாண்டுவதற்குள் ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் செத்தது. ஆறவைத்து மறுபடி போட்டார்கள், மறுபடி செத்தது. பெரிய ஜங்ஷனில், பக்கத்துத் தெரு வண்டி எதிரே வந்து நிற்கிற நேரம் பார்த்து மூன்றாவது தடவையும் படுத்தது. கமிட்டிக்காரர் அப்பாதுரை அப்போது டெம்போ மேல் ஏறிக் கையை உயர்த்தியிருந்தார். கை உயர்ந்தபடியே நின்றது, பாட்டு இல்லை. எதிர் வண்டியிலிருந்து விசிலடித்தார்கள்.

அந்தப் பேட்டையின் காதுகுத்து, கல்யாண ஆர்டரெல்லாம் அந்த ஊர்வலத்தைப் பார்த்துத்தான் ஐரின் வீட்டுக்கு வரும். இந்த வருஷம் அப்பாதுரை நேராகவே சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி சான்ஸுண்ணா. நின்னுச்சின்னா ஓசூர்ல இருந்து செட்டு இறக்கிடுவோம். எட்டு பாக்ஸ் வோணும்." ஓஸ்வால்ட், "பண்ணிடலாம்" என்று வந்துவிட்டார்.

"பண்ணிட்டு வாங்க" என்றாள் ஐரின். "ஆம்ப்பு எங்க கீதுன்னு தேடுவீங்க. நான் எடுத்துப் பூட்டி வெச்சிடுவேன்."

"எட்டுன்னு சொல்லிட்டேன் ஐரின்."

"சொன்ன வாயால நாலுன்னு சொல்லுங்க. ஒரு பாக்ஸ் எட்டு ஓம். ஆம்ப்புக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கத்துல ரெண்டு சேந்தா நாலு ஓம். நாலு ஓமுக்கு இந்த ஆம்ப்பு ஆயிரம் வாட் குடுக்கும். பாக்ஸ் ஒண்ணு ஐநூறு தாங்கும். குடுக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் சரியாப் போச்சி. நீங்க ஒரே பக்கத்துல நாலை மாட்டுனா ரெண்டு ஓமுக்கு எறங்கிடும். அது எவ்ளோதான் இழுத்துக் குடுக்கும்? சூடாகும், கண்ணை மூடிக்கும். எங்கப்பா சொல்வாரு, கேஜுல எத்தனை பேருன்னு எழுதிக்கீதோ அத்தனை பேருதான். மிச்ச ஆளு யாரோட மச்சானா இருந்தாலும் அடுத்த ட்ரிப்பு."

ஓஸ்வால்டுக்கு ஓம் என்றாலே பழைய புண். ஒரு புது ஸ்பீக்கர் வாங்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். எட்டு என்று எழுதியிருந்தது, மீட்டர் ஆறு காட்டியது. ஏமாற்றிவிட்டான் என்று எஸ்.பி. ரோடு கடைக்குப் போய்ச் சண்டை போட்டுத் திரும்பினார். "மீட்டருக்கு நிக்கிற ஆளோட எடைதாங்க தெரியும்" என்றாள் ஐரின் அன்று. "பாட்டு ஓடறப்போ அதோட கனம் வேற." இப்போது அதையெல்லாம் இழுக்கவில்லை. "நாலு பாக்ஸ். நின்னுச்சின்னா நான் பீன்யாவுக்கே காயில் சுத்தப் போயிடறேன். அப்புறம் நீங்க பதினாறு மாட்டுங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இருப்பது ஒரே ஆம்ப். அது புகைந்தால் இரண்டு பேருக்கும்தான் வேறு வேலை.

ஊர்வலத்தன்று மதியம் டெம்போவில் நாலு பெட்டிகளையும் தோளோடு தோள் ஒட்டி நிறுத்தினாள். நடுவில் விரல் நுழையாது. பிறகு கைப்பையிலிருந்து டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் ஒயரிலும் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் கூம்புக் காகிதம் முன்னால் குதிக்க வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் குதித்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். போன வருஷ இரவல் பெட்டிகளில் இரண்டு பின்னால் குதிப்பவை என்று பிற்பாடுதான் கண்டுபிடித்தாள். நாலும் முன்னால் குதித்தன. "ஆங், ஒரு தாய்ப் பிள்ளைங்க" என்றாள்.

அப்போதுதான் அப்பாதுரை வந்தார். நீலச் சட்டை, நீலத் துண்டு. பின்னால் ஆட்டோவில் இரண்டு பெட்டிகள்.

"இன்னாக்கா, நாலுதான் கீது! பக்கத்துத் தெருக்காரன் பன்னெண்டு ஏத்திகினு நிக்கறான். இந்தா, எங்க மச்சான் பாக்ஸ். இதையும் சேத்துடு."

ஓஸ்வால்டின் கை தன்னையறியாமல் ஒயர்ச் சுருளுக்குப் போனது. ஐரின் ஆம்ப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, ஏத்திக்கோ. கொடி கட்டிக்கோ. மாலை போட்டுக்கோ. ஒயரு மட்டும் குடுக்க மாட்டேன்."

"நின்னுச்சின்னா?"

"என்னை எறக்கிவுட்டுட்டு வண்டியை ஓட்டு."

அப்பாதுரை அவளைப் பார்த்தார், ஓஸ்வால்டைப் பார்த்தார். ஓஸ்வால்ட் டயரைப் பார்த்தார். மச்சான் பெட்டிகள் பின்வரிசையில் ஏறின, நீலக் கொடி சுற்றி, வாய் கட்டிய கன்றுகள்போல.

ஐரினுக்குச் சத்தத்தைக் காதால் சோதிக்கும் வழக்கமில்லை. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து நாலு கடை தள்ளிப்போய், காலித் தண்ணீர் பாட்டிலை இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடிப்பாள். "காது ஆசைப்பட்டதைக் கேக்கும். பாட்டிலுக்கு ஆசை இல்லை." முதல் அடி விழுந்ததும் பாட்டில் அவள் விரலில் நடுங்கியது. தலையை ஆட்டினாள்.

தெருமுனை தாண்டியது. போன வருஷம் செத்த இடத்தில் ஓஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டார். சாகவில்லை. இரண்டாவது இடமும் போனது. ஐரின் டெம்போவில் ஆம்ப்புக்குப் பக்கத்தில் நின்று அதன் மேல் அடிக்கடி உள்ளங்கை வைத்துப் பார்த்தாள், ஜுரம் பார்ப்பதுபோல. சூடு இருந்தது. கை வைக்க முடிகிற சூடு.

ஜங்ஷனில் எதிர் வண்டி வந்தது. பன்னிரண்டு பெட்டி, மாடி வீடு மாதிரி. இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு நின்றன. அப்பாதுரை மேலே ஏறினார். ஓஸ்வால்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஐரினைப் பார்த்தார். அவள் கட்டைவிரலைக் காட்டி, சத்தத்தை ஏற்றினாள்.

அப்பாதுரையின் கை உயர்ந்தது, அடி விழுந்தது. தப்பட்டைப் பாட்டின் அடி ரோட்டுக்குள் இறங்கி, செருப்பு வழியாக ஏறி, நெஞ்சுக்கூட்டில் போய் உட்கார்ந்தது. மருந்துக்கடை ஷட்டர் கடகடவென்று ஆடியது. கடைக்காரர் சிரப் பாட்டில்களை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, "சாக்கு மா, போதும்!" என்று கத்தினார், கால் மட்டும் தாளம் போட்டது. எதிர் வண்டியின் பன்னிரண்டும் இரைந்தன, ஆனால் அந்தச் சத்தம் காதோடு நின்றது, வயிற்றுக்கு இறங்கவில்லை. அந்த வண்டிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் நழுவினார்கள். பெண்கள் ஐரினைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். முழங்கால் வலியோடு அவளும் ஆடினாள், ஒரு கை மட்டும் டெம்போ விளிம்பைவிட்டு நகராமல். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

ஊர்வலம் முடிந்து மோர் குடிக்கும்போது அப்பாதுரையின் மச்சான் கூட்டத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்தியா? நம்ம ரெண்டு பாக்ஸ் சேந்ததும் இன்னா அடி! நாலால இது வருமா?" பத்துப் பேர் ஆமோதித்தார்கள். அப்பாதுரை பெருமையாக மீசையைத் தடவினார்.

ஐரின் மோர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு டெம்போவில் ஏறினாள். மச்சான் பெட்டிகளின் கொடியை அவிழ்த்து, பின்பக்கத்தைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினாள். பிளக் செருகும் இரண்டு துளையும் வெறுமையாக, தூசியடைந்து கிடந்தன.

"யாருங்க அது பேசுனது? கிட்ட வந்து பாருங்க. இதுக்குள்ள சிலந்தி கூடு கட்டிகினு கீது. அதுங்கூட எழுந்திருக்கல."

முதலில் சிரித்தது அப்பாதுரைதான். மோர் புரையேறச் சிரித்தார். "அக்கா, அடுத்த வருஷமும் நீதான். ஓசூரு பேடா, வோணாம்!" மச்சான் மட்டும் இன்னொரு மோர் வாங்கப் போனார்.

மறுநாள் காலை ஐரின் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஓஸ்வால்டுக்குப் போன். ஊர்வலத்தைப் பார்த்த யாரோ, மகள் கல்யாணத்துக்கு. "ஆங், பண்ணிடலாம் சார்... எத்தனை பாக்ஸா?" அந்தக் கேள்விக்கு அவர் எப்போதும் மூச்சு விடுவதற்குள் பதில் சொல்லிவிடுவார். இன்று போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அடுப்படியைப் பார்த்தார்.

"ஐரின், எத்தனைன்னு சொல்றது?"

அவள் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்தாள். போனை அவர் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம் சார், ஐரின் பேசறேன். பாக்ஸ் கெடக்கட்டும். ஹாலு எவ்ளோ பெருசு? கூரை தகரமா, காங்கிரீட்டா?"

"அப்போ நான் இன்னா பண்றது?" என்றார் ஓஸ்வால்ட்.

"ஆங், சொல்லுங்க சார்" என்று பேசிக்கொண்டே அவள் வாசல் திரையை ஒதுக்கி மாடிப்படிக்குப் போய்விட்டாள்.