அல்லிக்கிழங்கும் தவளையும்

நாலாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒரகடத்தில் எடைமேடை கட்டினேன், வடக்குப்பட்டில் கல்யாண மண்டபம் எழுப்பினேன்; ஒருவரும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை. நேற்று ஒரு தொழிற்சாலை வாசலில் அல்லித் தொட்டிக்குச் சேறு மாற்றினார்கள். அந்த வாடை என்னை எங்கள் குட்டைக்கே இழுத்துப் போய்விட்டது.

கோடையில் வற்றிய குட்டையில் அம்மாவும் நானும் அல்லிக்கிழங்கு தோண்டும்போது, கிழங்கைப் போலவே உருண்டு, சேறு பூசிக்கொண்டு, மழைக்காகத் தவளைகளும் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

“டேய், மூச்சு வுடுதான்னு பாத்து கூடைல போடு. போன தபா நீ போட்டது சட்டிலேந்து குதிச்சி, உங்கப்பா இன்னா ஓட்டம் ஓடுனாரு,” என்பாள் அம்மா. தவளை என்றால் திரும்பப் புதைத்து ஈரச்சேறு அப்புவோம்.

1991இல் குட்டையை மூட லாரிகள் வந்தபோது, ஒரு கிழங்கையும் ஒரு தவளையையும் தோண்டி வந்து என் வீட்டுத் தொட்டியில் வைத்தேன். அல்லி வைத்த இடத்தில் பூத்தது. தவளை முதல் மழைக்கு எழுந்து, குட்டை இருந்த திசைக்கே தத்திப் போய், லாரிச் சக்கரத்தில் நசுங்கியது.

அந்தத் தொழிற்சாலை அல்லி நான் கொடுத்த கிழங்கில் வந்தது. தொட்டியருகே நட்ட பலகையில் யாரோ தோட்டக் காண்டிராக்டர் பெயர் இருக்கிறது. தொழிற்சாலைக்காரர்களே, அதை அழித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எங்கள் குட்டையிலிருந்து வேறெதையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.