சீலா அக்காவின் ஊசிகள்

திருகோணமலையில் சாறிச் சட்டை தைக்கிறவர்கள் எத்தனையோ பேர். சொன்ன நாளில் தருகிறவர் எனக்குத் தெரிந்து சீலா அக்கா ஒருவர்தான். அதனால்தான் என் கலியாணச் சட்டைக்கு அவர் மூன்றாம் தடவையும் "நாளைக்கு" என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே உவர்மலையில் அவர் வீட்டுக்கு ஸ்கூட்டியை விட்டேன்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். மடியில் என் சட்டை, கையில் ஊசி. நூல் ஊசியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனதே தவிர காதுக்குள் போகவில்லை.

"என்னக்கா, இன்னும் ஒரு கொளுக்கியும் வைக்கேல்லையோ?"

"கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ, கீர்த்தனி," என்றார்.

மூன்று வருடமாக மனநலக் கிளினிக்குக்குப் போகிறாராம். காதில் குரல்கள் கேட்பதை நிறுத்தக் கொடுத்த குளிசையால் அண்மையில் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்துக்குப் பென்ஸ்ஹெக்சோல் என்று இன்னொரு குளிசை கொடுத்தார்கள். கை நின்றது. ஆனால் கிட்டப் பார்வை மங்கிவிட்டது, நூல் நுனியை நனைக்க வாயில் எச்சிலும் இல்லை.

"குடிச்சால் கண் இல்லை, குடிக்காட்டிக் கை இல்லை. ரெண்டு நாள் விட்டுப் பார்த்தனான். விரலைத்தான் தைச்சன்," என்று சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த கோபத்தை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

"டொக்டரிட்டச் சொன்னீங்களோ?"

"ஓம். சடுதியா நிப்பாட்டக்கூடாதெண்டு பேச்சும் வாங்கினனான். அளவைக் குறைச்சுத் தந்திருக்கிறார், கண் சரிவரக் கொஞ்ச நாளெடுக்குமாம்."

"அதுவரைக்கும் ஆரிட்டயாவது கோர்த்துத் தரச் சொல்லலாமே?"

"ஏனெண்டு கேப்பினம். விசர்க் குளிசை குடிக்கிறவளிட்ட ஆர் கலியாணச் சட்டை தைக்கக் குடுப்பினம்?"

என் மாமியே கொடுக்கமாட்டார். ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இருபத்தைந்து ஊசி கோர்த்துத் திரைச்சீலையில் வரிசையாகக் குத்திவைத்தேன். அன்று பின்னேரமே சட்டை முடிந்தது.

கலியாணம் முடிந்து இரண்டு கிழமையில் என் தோழி நிவேதிகாவை அவரிடம் அனுப்பினேன். குளிசையைப் பற்றி மூச்சே விடவில்லை. போய்வந்தவள் போனில் கோல் எடுத்தாள்.

"அளவெடுக்க முதலே அவ ஊசிப் பெட்டியைத் தந்தவ. 'நான் மனநலக் கிளினிக் குளிசை குடிக்கிறனான், கண் கொஞ்சம் மங்கல். கோர்த்துத் தந்தால் தைப்பன். விருப்பமில்லாட்டித் துணியைக் கொண்டுபோங்கோ' எண்டவ."

"நீ என்ன செய்தனி?"

"பத்து ஊசி கோர்த்தனான்," என்றாள். "எனக்கு முதல் வந்தவ பன்னிரண்டு கோர்த்துக் குடுத்தவவாம்."